மார்கழிப் பூசணிப்பூ

“…அந்த விரலை மடக்கடி, பிள்ளை! உந்த ஒண்டையும் அழுக வைக்கப் போறியே?”

அம்மாவின் குரல்தான். நேற்றுக் கிளிநொச்சிச் சந்தையில் பூசணிக் கீறு ஒன்றைக் காட்ட விரலை நீட்டினேன். எங்கிருந்தோ இந்தக் குரல் வந்தது. விரல் தானாக மடங்கிவிட்டது. “அன்ரி, கை சுளுக்கிப் போச்சோ?” என்று கடைக்காரத் தம்பி கேட்டான். வெட்டி வைத்த கீறு இனி எங்கே அழுகப்போகிறது, சொல்லுங்கள்!

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அது அழுகி விழும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வட்டக்கச்சியில் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் அம்மா பூசணி போட்ட வருடம் அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் ஊரடங்குபோல அமுலில் இருந்தது. காரணம், நெளுக்குளத்துச் சின்னம்மா. வரும்போதெல்லாம் ஒரு பூசணிக்காயைப் பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். “உங்கட வளவில உது வராதக்கா, பாவம்” என்பார். அந்தப் ‘பாவம்’ அம்மாவைச் சுட்டுவிட்டது.

“இந்தமுறை என்ர வளவுக் காய் உன்ர குசினிக்கு வரும், இருந்து பாரடி.”

கொடி வேலியெல்லாம் ஏறியது. பிஞ்சுகளோ பெருவிரலளவில் மஞ்சளாகி விழுந்தன. முதலில் நான் குற்றவாளி. பிறகு தபால்காரர். பிறகு வேலிக்கரையால் பொல்லை நீட்டி மாடு ஓட்டிப் போனவர்.

பக்கத்து வீட்டுப் பரமேசக்காதான் விழுந்து விழுந்து சிரித்தார். அது மார்கழி. விடியற்காலையில் வாசலுக்கு வாசல் சாணிப் பிள்ளையார், அவர் தலையில் ஒரு பூசணிப்பூ. வீடுகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கையில் கொடி நின்றது எங்கள் வளவில் மட்டும். பிஞ்சுள்ள பெண்பூவில் யாரும் கை வைக்கவில்லை. அயலார் தட்டோடு வந்து ஆண்பூக்களைத்தான் ஒன்று விடாமல் கொண்டுபோனார்கள்.

“ஆம்பிளைப் பூவெல்லாம் பிள்ளையாரிட்டப் போனால் பொம்பிளைப் பூ ஆரைக் கட்டுறதக்கா? அவரும் கலியாணம் கட்டாத ஆளெல்லோ!”

“நீயும் தட்டோட வந்தனிதானே, பரமேசு?”

“ஓம், வந்தனான். பக்தி கூடிப்போச்சு.”

அடுத்த நாள் காலை ஒரு பெண்பூ விரிந்தது, அடியில் உருண்டைப் பிஞ்சோடு. ஆண்பூ கொடியில் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பூத்த ஒன்றையும் அப்போதுதான் அம்மா எங்கள் பிள்ளையாருக்கு வைத்திருந்தார். நான் பிஞ்சைப் பார்த்த சந்தோசத்தில் விரலை நீட்ட, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த ஒழுங்கையில் முற்றமெல்லாம் சீமெந்துக்கல். சாணிப் பிள்ளையாரும் இல்லை, பூக் கேட்டுத் தட்டோடு வருபவரும் இல்லை. சின்னம்மாவும் போய்விட்டார். எங்கள் காயை வாங்கி, வெட்ட மனமில்லாமல் குசினி அடுப்பு மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அது எப்படிக் காய்த்ததென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அன்று காலை என்னை அதட்டிய கையோடு அம்மா வாசலுக்குப் போனார். ஒழுங்கையை அங்குமிங்கும் பார்த்தார். “அப்பனே, இண்டைக்கு உமக்கு அறுகம்புல் மட்டும் காணும்” என்று சொல்லி, பிள்ளையார் தலையிலிருந்த பூவை எடுத்து இதழை உரித்தார். மகரந்தம் ஒட்டிய நடுத்தண்டைக் கொண்டுவந்து பெண்பூவுக்குள் பக்குவமாகத் தடவினார். உரித்த இதழைத் திரும்பவும் பிள்ளையாருக்கே சூட்டிவிட்டு, பரமேசக்கா தட்டோடு வருமுன் ஓடிப்போய் வேலிப் படலையைச் சாத்தினார்.