புஷ்பாக்காவின் சந்தேகம்

புஷ்பாக்காவின் மறைவுச் செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ அனுப்பியதை இன்னொருவர் ஃபார்வர்டு செய்திருந்தார். அல்சூரிலுள்ள அவர் வீட்டுக்கு போன் செய்தேன். மகள் எடுத்து, "ஆமா ஆன்ட்டி, நெஜந்தான்" என்றாள். விசாரிக்காமல் இரங்கல் எழுதியிருந்தால் புஷ்பாக்காவே திட்டியிருப்பார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்களோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு நாங்கள் செய்து கொடுத்த செயலி, எங்கள் ஒவ்வொருவர் கணினியிலும் இரண்டு பதிப்புகளாக இருக்கும். ஒன்று நிலையங்களில் ஓடுவது, மற்றது நாங்கள் சோதித்துக்கொண்டிருப்பது. ஒரே பெயர், ஒரே நீல ஐகான். சோதனைப் பதிப்பின் ஐகானை மட்டும் புஷ்பாக்கா திருஷ்டிப் பூசணி முகமாக மாற்றிவிட்டார்.

"என்னக்கா, இது ஆபீஸா, வீடு கட்டுற எடமா?" என்றார் மேலாளர் தினேஷ்.

"கட்டி முடியாததுதானே தினேஷ்? முடிஞ்சதும் எறக்கிடலாம்."

ஒருநாள், சோதனைக்காக நான் தட்டிய பொய் அறிக்கை நிஜமான ஒருவரின் கைபேசிக்குப் போய்விட்டது. சிறுநீரகம் பழுது என்றது அது. அந்த மனிதர் போனில் அழுதார். நான் பதிப்பை மாற்றித் திறந்துவிட்டேன் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். பூசணியைத்தான் அழுத்தினேன் என்றேன்.

"உங்கமேல நம்பிக்கை இருக்கு மேடம்" என்றார் தினேஷ். "ஆனா நாளைலேர்ந்து வர வேணாம். எச்.ஆர். கூப்பிடுவாங்க."

புஷ்பாக்கா என் கணினி முன் வந்து உட்கார்ந்தார். பூசணியை அழுத்தினார். திறந்த செயலிக்குள் போய்ப் பதிப்பு எண்ணைத் தேடிப் பார்த்தார். நிலையங்களில் ஓடும் பதிப்பின் எண் அது. முந்தைய நாள் வந்த அப்டேட், அந்த ஐகான் எதைத் திறக்க வேண்டும் என்பதையே மாற்றியிருந்தது.

"நான் ஒட்டுன மூஞ்சியே பொய் சொல்லுது பாருங்க" என்று தினேஷைக் கூப்பிட்டுக் காட்டினார். "இனிமே மூஞ்சிய நம்பாதீங்க, நம்பரப் பாருங்க."

எச்.ஆர். கூப்பிடவில்லை. கேன்டீனில் புஷ்பாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான்க்கா என்னை நம்புனீங்க" என்றேன்.

"நம்புனேனா? சும்னே இரு" என்று பாதிக் கன்னடத்தில் சும்மா இருக்கச் சொன்னார். " மொதல்ல உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். இல்லன்னா எதுக்கு எழுந்து வர்றேன்?"

அந்தப் பேச்சு வெகுநாள் உறுத்தியது. பிறகுதான் யோசித்தேன். நம்பிக்கை இருக்கிறது என்றவர்கள் அன்று யாரும் இருக்கையை விட்டு எழவில்லை. சந்தேகப்பட்டவர்தான் வந்து பார்த்தார்.

அந்தச் சந்தேகத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் குழுவில் யார்மீதாவது பழி வந்தால், அவரை நம்புவதாக நான் சொல்வதில்லை. எழுந்துபோய் அவர் திரையைப் பார்க்கிறேன்.