பாத்திரம் கழுவிய தண்ணீர் போன பக்கம்

இந்த மழைக்காலத்தில் முத்துமீனா ஒரு சேலையைக்கூடக் கிழிக்கவில்லை.

எழுமலையிலிருந்து பேரையூர் போகும் வழியில் ஒத்தப்பனை வளைவு என்று ஓர் இடம். வளைவின் உள்பக்கத்தில், சாலையை ஒட்டி, பதினோரு வருடமாக இட்லிக்கடை வைத்திருந்தாள். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் துவைத்து மடித்த பழைய நூல்சேலைகள் எப்போதும் இருக்கும். எதிர்ப்பக்கப் பள்ளத்தில் யாராவது வண்டியோடு விழுந்தால் முதலில் ஓடுவது அவள்தான். சேலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடுவாள். ஓடும்போது விழுந்தவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள், வண்டியின் நிறத்தைத்தான் பார்ப்பாள். மகள் முனீஸ்வரி நூல் மில்லுக்கு அந்த வழியாகத்தான் தினமும் போய்வந்தாள், நீல நிற ஸ்கூட்டியில். மாலையில் அந்த வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டும்வரை இவள் காது அங்கேயே இருக்கும். கிடப்பது நீலம் இல்லை என்றால் மூச்சு வரும். மூச்சு வந்ததற்காக வெட்கமும் வரும்.

ஊர் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தது. பனைமரத்து முனி காவு கேட்கிறதாம். மினிபஸ் ஓட்டுகிற மொக்கைச்சாமியின் தலைமையில் அமாவாசைதோறும் வளைவின் நட்டநடுவில் பூசணிக்காய் உடைப்பார்கள். குங்குமம் அப்பிய அந்தச் சதையில் வழுக்கியே இரண்டு பேர் விழுந்தார்கள். அதையும் முனி கணக்கில் எழுதினார்கள். பழைய தார்மேல் புதுத் தாரை அப்பிவிட்டுப் போனவனை ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை வசதி! அவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினான், கூலிக்குப் போனவன் இடுப்பொடிந்து கிடந்தான், குற்றவாளி மட்டும் பனைமரத்தில் குடியிருந்தான். காரில் போகிறவர்களை அந்த முனி பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

முத்துமீனாவும் கும்பிட்டவள்தான். போன வருடம் சித்திரையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் செத்தபோது, கெடா வெட்ட நாள் குறித்தார்கள். அதே வாரம், விபத்து நடந்த இடங்களைப் பார்க்க ரூத் என்ற சாலைப் பொறியாளர் வந்தார். கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“எந்தப் பக்கம்க்கா விழுகுறாங்க?”

“அம்புட்டுப் பேரும் அந்தப் பள்ளத்துலதான் மேடம்” என்று சொல்லியபடியே பாத்திரம் கழுவிய தண்ணீரை வழக்கம்போல் சாலையில் வீசினாள் முத்துமீனா.

தண்ணீர் கடைப்பக்கம் திரும்பவில்லை. சாலையைக் குறுக்கே கடந்து நேராக எதிர்ப்பள்ளத்துக்கு ஓடியது. பதினோரு வருடமாக அப்படித்தான் ஓடியது.

ரூத் தட்டைக் கீழே வைத்தார். “அக்கா, இன்னொரு வாளி ஊத்துங்க.”

அதுவும் அங்கேதான் போனது.

“சித்திரைப் பொருட்காட்சியில கெணத்துக்குள்ள பைக் ஓட்டுறவனப் பாத்திருக்கீங்கள்ல? சாஞ்ச பலகைதான் அவனத் தாங்குது. வளைவுலயும் அப்பிடித்தான், வெளி ஓரம் ஒசந்து இருக்கணும். இங்க தலகீழா இருக்கு. ரோடே ஆளப் பிடிச்சுத் தள்ளுது.”

முத்துமீனாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரூத் தயங்கி நின்றார்.

“இன்னொண்ணும் இருக்குக்கா. உங்க கடை.”

வளைவின் தொடக்கத்துக்கு அவளை அழைத்துப்போய் நிறுத்தினார். மொக்கைச்சாமியின் மினிபஸ் வரும் சத்தம் கேட்டது, பஸ்ஸைக் காணோம். கடையின் தகரக் கூரையைத் தாண்டிய பிறகுதான் மூக்கு தெரிந்தது. தினமும் மாலையில் அந்த இடத்துக்கு வந்துதான் முனீஸ்வரி வண்டியைத் திருப்புகிறாள்.

“அப்ப நானும்ல மறைச்சுக்கிட்டு நின்னுருக்கேன்.”

விஷயம் பரவியதும் மொக்கைச்சாமி கடைக்கே வந்தார். “ஏத்தா, கழனித் தண்ணியக் கொட்டியே முனிய வெரட்டப் பாக்குறியாக்கும்? பேசாம கெடாய வெட்டுனா ஒன் கடையாச்சும் மிஞ்சும்.”

“கறிய நீங்க தின்னுங்கண்ணே. எம்மகளுக்கு ரோடு வேணும்.”

கடையை எடுக்கச் சொல்லி நோட்டீசு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. தகரத்தைப் பிரித்து, வளைவு முடிந்து நேர்சாலை தொடங்கும் இடத்தில், சாலையைவிட்டு நன்றாகத் தள்ளி, கடையைப் போட்டுக்கொண்டாள். முதல் மூன்று மாதம் வியாபாரம் பாதியாகப் படுத்தது. மொக்கைச்சாமி வகையறா கெடாவும் வெட்டித் தின்றார்கள். ரூத் விடாமல் எழுதி எழுதி, தை பிறந்த பிறகு வேலை தொடங்கியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்கள், வெளி ஓரத்தை உயர்த்தினார்கள், பள்ளத்தை ஒட்டி இரும்புத் தடுப்பும் மின்னும் பட்டைகளும் வைத்தார்கள்.

புதுத் தார் இறுகிய மறுநாள் முத்துமீனா ஒரு வாளித் தண்ணீரோடு பழைய இடத்துக்கு நடந்துபோய் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்ததுபோல நின்று, பிறகு அவள் பக்கமே திரும்பி ஓடிவந்து இரண்டு காலையும் நனைத்தது. ரோட்டோரம் தனியாக நின்று சிரித்தாள்.

ஐப்பசி அடைமழையில் மொக்கைச்சாமி டீ குடிக்க ஒதுங்கினார். “பாத்தியா தங்கச்சி, கெடா வாங்குனதும் முனி அடங்கிருச்சு.”

“ஆமாண்ணே. ஒரு லோடு தாரும் சேத்துத் தின்னுச்சுல்ல, செமிக்காமக் கெடக்கு.”

டீ புரையேறி இருமினார் மொக்கைச்சாமி. முத்துமீனா மடித்து வைத்திருந்த சேலைகளில் ஒன்றை எடுத்து, இட்லித் தட்டுக்குத் துணியாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரம் கோணாமல் வெட்டுவதிலேயே அவள் கவனம் இருந்தது.

“என்னம்மா, நான் வந்து இம்புட்டு நேரமாச்சு, திரும்பிக்கூடப் பாக்கல?”

முனீஸ்வரி தலையைத் துவட்டியபடி நின்றாள். நீல ஸ்கூட்டி வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது. அது வளைவைக் கடந்து வந்த சத்தம் முத்துமீனாவின் காதில் விழவே இல்லை.