அப்பாவின் கூசும் ஃபேன்

தீபாவளி ஓப்பன் ஹவுஸ், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். விருந்தாளிகள் வரும் நேரம். வாசலில் நானே கட்டிய வண்ண விளக்குச் சரத்துக்குப் பெருமையோடு சுவிட்ச் போட்டேன். டக். சுங்கை பட்டாணி டவுனிலேயே என் வீடு மட்டும் இருண்டுவிட்டதுபோல் இருந்தது. பட்டப்பகல், வெயில் கண்ணைக் குத்துகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"வயரிங் எரிஞ்சிருச்சி, எல்லாரும் வெளிய வாங்க." எரிந்த வாசனைகூட வந்தது. அது அடுப்பிலிருந்த ஆட்டுக்கறி.

"டிரிப் ஆயிருக்கு, அவ்ளோதான்," என்றாள் மனைவி, கறியைக் கிண்டியபடி.

போன மின்சாரம் முழுசாகத் திரும்பாமல் எங்கேயோ கசிந்தால், பட்டென்று இறங்கிவிடும் சுவிட்ச் ஒன்று மெயின் பெட்டியில் உண்டு. விளக்குச் சரத்தைப் பிடுங்கிவிட்டு அதை ஏற்றினேன். மறுபடியும் டக். பயத்தில் ரப்பர் பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டேன், பட்டு வேட்டிக்குக் கீழே.

பாடாங் மேஹாவிலிருந்து அண்ணன் அப்போதுதான் வந்திருந்தார், அப்பாவின் பழைய இரும்பு மேசை ஃபேனோடு. நாங்கள் வளர்ந்த தோட்டத்து வீட்டில் கிடந்ததற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, புது மூன்று முள் பிளக் மாட்டி, எனக்குத் தீபாவளிப் பரிசு. வந்ததும் ஹாலில் சொருகியும் விட்டார்.

"அப்பா ஃபியூசுக்குத் தடிக் கம்பி சுத்துவாரே, அந்த மாதிரி இந்த சுவிட்ச விட்டுட்டு வயர நேரா கட்டிடு தம்பி. விழவே விழாது லா."

உண்மைதான். எங்கள் வீட்டு ஃபியூஸ் ஒருநாளும் போனதில்லை. சுவர்தான் சூடாகும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்தோம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஹாலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அதுல கை வச்சீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள் மனைவி. "எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒவ்வொன்னா போட்டுப் பாருங்க."

ஐஸ்பெட்டி, டிவி, ரைஸ் குக்கர், என் விளக்குச் சரம். எதற்கும் சுவிட்ச் அசையவில்லை. மிச்சம் ஃபேன், நான் விளக்குச் சரத்துக்குச் சுவிட்ச் போட்ட அதே நேரத்தில் அண்ணன் சொருகியது. அண்ணனே போய்ச் சொருகினார். டக்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஞாயிறு மத்தியானம் அப்பா அந்த ஃபேனுக்கு முன்னால் தூங்குவார். நாங்கள் கைகோத்து வரிசையாக நிற்போம். முதலில் நிற்பவன் ஃபேனின் இரும்பைத் தொடுவான். எல்லாருக்கும் கூசும். கையை விட்டவன் தோற்றான். எங்களுக்கு அது விளையாட்டு. ஃபேனுக்குள் கசிவு. அன்று இரண்டு முள் பிளக், கசிவு எங்கள் விரலுக்காகக் காத்திருந்தது. இன்று மூன்றாவது முள் அதை மண்ணுக்கு இறக்கியதும் சுவிட்ச் கண்டுபிடித்துவிட்டது. அந்த வரிசையில் நின்றவர்கள் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று யோசித்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். கறி தப்பித்தது. பிளக் பிடுங்கிய ஃபேன் ஹால் மூலையில் நின்றது. தூசு தட்டுவதுபோல் அண்ணன் அதன் பக்கம் போய், ஒரு விரலை வைத்தார்.

"கூசல லா."

"பிளக் போடலண்ணே."

"தெரியும்டா."

அவர் சாப்பிடப் போன பிறகு நானும் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான்.