எப்பவாவதா, எப்பவுமா

அம்மாவும் நக்லாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை முட்டைக்கோஸ் இலை சுருட்டியது. கொதிக்கும் சீரகத் தண்ணீரில் அம்மா இலைகளை முக்கி எடுத்துத் தட்டில் போட்டாள். நக்லா நடுநரம்பைச் சீவிவிட்டு, அரிசிக் கலவையை வைத்துச் சுருட்டினாள். பத்து ஏழைகளுக்கு விருந்து. அப்பா பயூமி போட்ட சத்தியத்துக்குப் பரிகாரம். சத்தியம் அவருடையது, அடுப்பு அம்மாவுடையது.

“இவ்வளவு தடியா சுருட்டாதேடி. இன்ஜினீயரம்மா கேபிள் பரிமாறிட்டான்னு சொல்வாங்க.”

“சொல்லட்டும். நீ ஏம்மா சமைக்கணும்? அந்த மனுஷன் கடையில வாங்கிப் போடட்டுமே.”

“வர்ற ஏழைங்க என்னடி பாவம் பண்ணாங்க” என்றாள் அம்மா இன்ஷிராஹ்.

எகிப்தின் தமன்ஹூரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், கீழே பயூமியின் டயர் கடை, மேலே வீடு. பதினெட்டு வயதில் அந்த மாடிப்படி ஏறி வந்தவள் அம்மா. பயூமி கையை ஓங்கியவர் இல்லை. அவருடைய ஆயுதம் வாய். “என்மேல தலாக்!” என்பார். நான் சொன்னது நடக்காவிட்டால் என் பெண்டாட்டி எனக்கு இல்லை என்று அர்த்தம். விருந்தாளி இன்னொரு துண்டு கோழி எடுக்கவில்லையென்றால் தலாக். டயரில் ஓட்டை இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் தலாக். காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது, வேண்டுமானால் பந்தயம் கட்டு, தலாக். மூச்சுக்கு முந்நூறு தடவை அம்மா அந்தத் தெருவில் தள்ளிவைக்கப்பட்டாள், திரும்பவும் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். எதுவும் அவளைக் கேட்டு நடந்ததில்லை.

தெருவுக்கு இது தீராத சிரிப்பு. எதிர்வீட்டுத் தஹானி, பால்கனியில் துணி உலர்த்தும்போதெல்லாம் குரல் கொடுப்பாள்.

“இன்ஷிராஹ், இன்னிக்குப் பொண்டாட்டியா, இல்ல விருந்தாளியா?”

“மத்தியானச் சாப்பாடு முடியட்டும், சொல்றேன்” என்பாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துவாள். விருந்தாளிகளோடு அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அந்தச் சொல் வந்து விழும் இடத்தில் சோறு இறங்காது என்பாள்.

விடுதலை வேண்டும் என்று அவள் மகளிடம் சொன்னது ஒரே தடவைதான், நக்லா மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம். கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் நக்லா. அம்மா தலையை ஆட்டினாள். “அங்க போனா நான் அவரை விட்டுட்டேன்னு ஆகும். இத்தனை வருஷமா அவர்தானே என்னை விட்டுக்கிட்டு இருக்கார்? அவர் வாயாலயே அது ஆகணும்.”

அதற்கான நாள் வந்தது. பெரியம்மா வஹீபா பக்கவாதத்தில் விழுந்திருந்தாள். உன் வாய் சாக்கடை என்று ஒருமுறை கடைவாசலில் வைத்தே பயூமியிடம் சொன்னவள் அவள். அதை அவர் மறக்கவில்லை. அம்மா சால்வையை எடுத்ததும் வாசலை மறித்துக்கொண்டார்.

“இன்ஷிராஹ், என்மேல தலாக், நீ அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா!”

முதன்முறையாக அவள் பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அக்காவின் வாசப்படியில் இரண்டு காலையும் ஊன்றி நின்று நக்லாவுக்குப் போன் செய்தாள். “மிதிச்சுட்டேன்டி. கிளம்பி வா, ஷேக்கைப் பார்க்கணும்.” கல்யாணத்துக்குப் புறப்படுகிறவள் குரல் மாதிரி இருந்தது.

மாலைத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் மூலையில், தலாக் விழுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் ஷேக் உட்கார்ந்திருந்தார். நிதானமானவர். இடது பக்கம் பயூமி, வலது பக்கம் அம்மாவும் நக்லாவும்.

“அந்த வார்த்தையைச் சொன்னீங்களா ஹாஜி?”

“கோபத்துல சொல்லிட்டேன் மௌலானா.”

“இதை எப்பவாவது சொல்வீங்களா, எப்பவும் சொல்வீங்களா?”

பயூமி தாடியைத் தடவிக்கொண்டார். பள்ளிவாசலில் மரியாதையான மனிதராகத் தெரிய வேண்டும். “எப்பவாவதுதான். பெருநாளுக்குப் பெருநாள்னு வெச்சுக்கங்க. நான் வாயை அளந்து பேசறவன்.”

ஷேக்கின் முகம் இறுகியது. அளந்து பேசுகிறவன் சொன்ன சொல்லுக்கு எடை உண்டு. அவர் மேற்கொண்டு பேச வாயெடுத்தார்.

“பெருநாளுக்குப் பெருநாளா?” அம்மா பாதி எழுந்துவிட்டாள். “மௌலானா, பொய்! காலையில காப்பிக்குச் சொல்வார், மத்தியானம் கோழிக்குச் சொல்வார், ராத்திரி நாற்காலி ஆடுதுன்னு சொல்வார். அடிக்கடி இல்ல, எப்பவும்! ஓயாம! தெருவே சிரிக்குது, வேணும்னா தஹானியக் கூப்பிட்டுக் கேளுங்க. என்னை யாராவது இதுவரைக்கும் கேட்டிருக்காங்களா?”

எத்தனை தடவை நடந்ததோ அத்தனை பெரிய குற்றம் என்று அவள் நம்பினாள். வேறு எந்த வழக்கிலும் அது சரிதான்.

நக்லாவின் மின்நிலையத்தில் ஒரு அலாரம் நாள் முழுக்க அலறினால், மறுநாளே யாராவது அதன் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். எப்போதாவது அலறுவதற்குத்தான் ஓடி வருவார்கள். ஷேக் எதற்காகக் கேட்டார் என்பது அவளுக்குப் புரிந்தபோது, அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

“அப்படின்னா இது நாக்குப் பழக்கம்மா” என்றார் ஷேக், ஆறுதலாக. “மனசுல நினைச்சுச் சொல்றதில்ல. தலாக் விழாது. அல்லாஹ் உங்க குடும்பத்தைக் காப்பாத்திட்டான். பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க ஹாஜி, சத்தியத்துக்குப் பரிகாரம்.”

பயூமிக்கு அப்போதுதான் விளங்கியது. முகமெல்லாம் பல். “அவ சொல்றதுதான் சரி மௌலானா! எப்பவும்தான்! தூக்கத்துலகூடச் சொல்வேன்!”

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அம்மா சொன்னாள். “நான் சொன்னது சரின்னு அந்த மனுஷன் இன்னிக்குத்தான்டி முதல் தடவையா ஒத்துக்கிட்டார்.”

விருந்து வெள்ளிக்கிழமை. ஸ்டேஷன் பக்கத்துக் கூலிக்காரர்களும் இரண்டு விதவைகளும் வந்தார்கள். முட்டைக்கோஸ் தீர்ந்து, வாத்து வந்தது. ஒரு கிழவர் போதும் என்று கையை விரித்தார்.

“என்மேல தலாக், இந்தத் தொடையச் சாப்பிடாம எழுந்திருக்கக் கூடாது!” என்றார் பயூமி.

கிழவர் சாப்பிட்டார். சமையலறையில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா?”

“எதுக்கும்மா?”

“வக்கீலைப் பார்க்கணும். அவர் வாயாலதான் ஆகணும்னு இருந்தது முட்டாள்தனம். என் வாய் எதுக்கு இருக்கு?”

மறுநாளே நக்லா வக்கீல் குமாஸ்தாவிடம் நேரம் வாங்கினாள்.

புதன்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கீழே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். தஹானிதான் எதிர் பால்கனியிலிருந்து பார்த்துக் கத்தினாள். ஈரத் துணி பாதி கூடையில் இருந்தது. அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

துக்கப் பந்தலில் பயூமி வாசலில் நின்று கைகொடுத்தார். கறுப்புக் காப்பி சுற்றி வந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் வேண்டாம் என்று தட்டை விலக்கினார்.

“என்மேல தலாக், ஒரு வாய் குடிக்காம...”

“யாரை ஹாஜி?” என்றார் மெக்கானிக், தணிந்த குரலில்.

பயூமி தட்டைப் பிடித்தபடியே நின்றார். குர்ஆன் ஓதுகிறவர் அடுத்த வசனத்தை எடுத்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நக்லா அதைக் கேட்டாள். சிரிப்பு வந்தது. சால்வையை வாயில் அமுக்கிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தஹானி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை வக்கீல் அலுவலகத்துக்கு நக்லா தனியாகப் போனாள். அம்மா குறித்த நாள். இனி தேவையில்லை என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. குமாஸ்தா நாற்காலியைக் காட்டினார்.

“மேடம் இன்ஷிராஹ்?”

“அவங்க பொண்ணு.”

“நீங்க வந்து பிரயோஜனம் இல்லம்மா. இந்த வழக்குல அவங்களே நேர்ல வரணும். எனக்கு இவர் வேண்டாம்னு அவங்க வாயாலயே சொல்லணும். அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

“சரி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.