பால்கனிக் கதவின் சக்கரங்கள்

எங்கள் வீட்டு மாடியில் பால்கனிக்குப் போக ஒரே வழி, அலுமினியத் தள்ளுகதவு. வீட்டை வாங்கும்போதே அது கிழடு. கண்ணாடி பூப்போட்டது, மூடியிருந்தால் தெரு தெரியாது. இரண்டு வருடமாக ஒரு சாணுக்கு மேல் நகர மறுத்தது. அதில் நுழைய நான் என்ன ஒல்லிக்குச்சியா? போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு. காலை ஊன்றவே கூடாதாம், மாடியிலேயே கிடந்தேன். அந்த நேரம் பார்த்தா எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வர வேண்டும்! என் மடியில் வளர்ந்தவள். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் தறியில் நெய்த அரக்குச் சேலையை அவள் கட்டிக்கொண்டு அன்று நான்கு மணிக்கு மண்டபத்துக்குக் கிளம்புகிறாள். நாங்கள் நெய்வதெல்லாம் மடித்துக் கடைக்குப் போய்விடும். யார் கட்டினார்கள், எப்படி இருந்தது, ஒன்றும் தெரியாது. இந்த ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று துடித்தேன்.

"உடும்மா, நான் தூக்கிக்கினு எறங்குறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கும் சேத்துக் கட்டுப் போடணுமா?"

உடனே தறிக்கு விடும் எண்ணெய்க் கேனோடு கதவுப் பக்கம் போனார். இரண்டு வருடமாக அதுதான் அவர் வைத்தியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்த வெச்சிட்டு ஒரு ஸ்குரூடிரைவர் கொண்டாங்க!" என்று கத்திவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து கதவருகே போனேன்.

தரையில் உட்கார்ந்ததால்தான் அடிப்பாகம் கண்ணில் பட்டது. தண்டவாளம் முழுக்க எண்ணெயும் பட்டுப் பிசிறும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பு. அவர் கதவை மேலே தூக்கி, அடியை உள்பக்கம் இழுத்துக் கழற்றிச் சாய்த்தார். இரண்டு சக்கரத்திலும் நூல் சுற்றியிருந்தது. பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, நடுவில் சரிகை வேறு!

"அடேங்கப்பா, நம்ம வேலையெல்லாம் இங்கதாம்மா இருக்குது" என்று சிரித்தார். கோபம் போய் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நூல் சிக்கெடுக்க எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? பிளேடும் ஊசியுமாகக் கால் மணி நேரத்தில் சக்கரம் சுழன்றது. தண்டவாளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கதவை மாட்டினோம். அப்போதும் அடி உரசியது. கதவின் ஓரத்து ஓட்டைக்குள் ஒரு திருகாணி இருந்தது. திருகினேன், கதவு இன்னும் இறங்கியது. ஐயோ! கீழே மேளம் தொடங்கிவிட்டது.

"எதிர்ப் பக்கம் திருப்பு" என்று அவர் கதவைத் தூக்கிப் பிடித்தார். நாலு சுற்று. சட்டம் எழும்பியது. பழக்கதோஷத்தில் முழுப் பலத்தோடு தள்ளினேன். சர்ரென்று ஓடிப் போய் டமாரென்று மோதியது.

தெருவே அண்ணாந்து பார்த்தது. நான் நகர்ந்து போய்ப் பால்கனிக் கம்பிக்கு இடையே முகத்தை வைத்தேன். கார் கதவருகே அவள் நின்றாள். அந்த அரக்கு வெயிலில் அப்படி ஜொலிக்கும் என்று நெய்த எனக்கே தெரியாது. கண் நிறைந்துவிட்டது. நல்லா இருடி என்று வாழ்த்தத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏண்டி, முந்தானைய இப்டியா சுருட்டி வெப்பாங்க? இருவது நாள் ஒக்காந்து நெய்ஞ்சிருக்கோம்டி!"

தெருவே சிரித்தது. அவள் காரில் ஏறவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "போதுமா அத்தே?" என்று நடுத்தெருவில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.