அன்னம்மா சேச்சி தந்த அவசரம்

சித்திரபுரத்து ஜெபக்கூடத்தில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். பாட்டு நடத்தும் அன்னம்மா சேச்சி, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் செல்வராஜ், அவர் மனைவி கிரேஸ், சேச்சியின் தங்கை, பஸ் பழுதாகி மழைக்கு ஒதுங்கிய நான். நானும் விசுவாசி என்றதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே பாட்டை சேச்சியும் தங்கையும் மலையாளத்திலும் நாங்கள் மூவரும் தமிழிலும் பாடுகிறோம்.

பாட்டு முடிந்ததும் சேச்சி என் பக்கம் திரும்புகிறார். "பிரதரினு ஒரு அவசரம் தரட்டே?"

ஏதோ அவசரம், தரச் சொல்கிறார் என்றுதான் என் காதில் விழுகிறது. இரண்டாயிரம் ரூபாய் இருக்கும் சட்டைப்பையைக் கை தானாக மூடுகிறது.

"எங்கிட்ட பைசா இல்லீங்க."

செல்வராஜ் சிரித்துவிடுகிறார். "காசு யாருண்ணே கேட்டா? மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. கர்த்தர் ஒங்களுக்குச் செஞ்சதச் சாட்சியாச் சொல்லக் கூப்பிடுதாங்க."

சேச்சி சிரிக்கவில்லை. "காசில்லாதே எங்ஙனே வீட்டில் போகும்?" என்கிறார். நான் வாய் திறப்பதற்குள் நால்வரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சேர்க்கிறார்கள்.

கிரேஸ் என் கையில் திணிக்கிறார். "நமக்குள்ள என்னண்ணே, வச்சுக்கிடுங்க."

இருக்கிறது என்று சொன்னால் பொய் சொன்னது தெரிந்துவிடும். சாட்சி சொல்ல எழுந்தவன், "கர்த்தர் நல்லவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

பழுது சரியாகி, நான் ஏறிய பஸ் கிளம்பிவிட்டது. அவர்கள் தந்ததை என் பணத்தோடு சேர்க்க மனம் வராமல் கையிலேயே வைத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டியது நூற்று எண்பது ரூபாய்.