நர்ஸம்மா காப்பி குடிக்க மாட்டாங்களாம்

வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டதற்காக நான் இன்றுவரை யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை, தெரிவிக்கவும் மாட்டேன். நூற்றுநான்கு கிலோ உடம்போடு மாரமங்கலம் பக்கத்து மலைப்பாதைகளில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் நான். வலித்தது என் முழங்கால். ஏறியது என் சர்க்கரை. ஏற்காட்டில் சர்ச் முடிந்து வெளியே வந்தால், "வாயக் கட்டுனா இளைக்காதுங்களா, இதுக்குப் போயி ஆபரேசனா?" என்று கேட்க வரிசையில் ஆள் நின்றது. வாயைக் கட்டியே இருபது வருஷம் ஓட்டியவளிடம் கேட்கிறார்கள்.

நான் வேலைக்குப் போகும் மலைக் கிராமங்களில் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. குடலில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்தேன். கிராம சுகாதார நர்ஸ் நான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து, அதைச் சாப்பிடாதவர்களைத் திட்டுவது என் அன்றாட வேலை. அப்படிப்பட்டவள் தன் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வருஷம் எனக்கே ரத்தம் குறைந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. உலைக்கு அளந்த அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன். கர்ப்பிணிகள் அரிசி மென்றால் ரத்தசோகை என்று உடனே கண்டுபிடிக்கிற எனக்கு, என் வாயில் கிடந்த அரிசி தெரியவில்லை. ஒருநாள் பாதி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஜீப்பை நிறுத்தி ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் மருத்துவ அதிகாரிக்கு என் மகன் வயது. "சிஸ்டர், மலை இனி உங்களுக்கு ஒத்து வராது. கீழ ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பதிவு வேலை இருக்கு, எழுதிக் குடுத்துருங்க" என்றார். முடியாது என்றேன். மூன்று மாதம் பார்ப்போம், ரத்தம் ஏறாவிட்டால் மாற்றலுக்குத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சேலத்தில் எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில், உணவு ஆலோசகர் காலையிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். காலையில் இரும்புச்சத்து மாத்திரை, அரை மணியில் முதல் வீட்டுக் காப்பி, அப்புறம் வீட்டுக்கு ஒன்று, மத்தியானச் சோற்றோடும் ஒன்று. ஒன்பது டம்ளர் வந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க நர்ஸ்தானே?" என்றாள். ஏற்கெனவே குடலின் முதல் பகுதியைத் தாண்டித்தான் என் சாப்பாடு இறங்குகிறது, உடம்பில் சேர்வதே கொஞ்சம், அதையும் காப்பி தடுத்துவிடுகிறது என்றாள். இதைத்தான் நான் மலை முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒன்று தெரியாது. எனக்கு முன்னால் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ், இந்த வீடுகளில் ஒரு வாய் தண்ணீர் தொட்டதில்லை. சொந்தப் பாட்டில்தான். ஏன் என்று அவள் சொல்லவும் இல்லை, இவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் வந்த முதல் நாள், நீட்டிய வெல்லக் காப்பியை எல்லாம் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகுதான் பெண்கள் என்னிடம் நாள் தள்ளிப்போனதைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போது அதே வீடுகளில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் சொன்னது மேட்டு வீட்டில். அங்கே மருமகள் ஏழு மாதம், ரத்தம் என்னைப் போலவே குறைவு. கொடுத்த மாத்திரைகளை மிளகுக் கொடியடியில் புதைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மாமியார் டம்ளரை நீட்டினார். "வேண்டாமுங்க" என்றேன். "ஏனுங்க நர்ஸம்மா, எங்கூட்டுக் காப்பி உங்களுக்கு ஆகாமப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார். அடுத்த வாரத்துக்குள் சரிவு முழுக்க, நர்ஸம்மா காப்பி குடிக்க மாட்டாங்களாம் என்று பேச்சு. மூன்று வீட்டில் உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் அழுதேன். காப்பி குடித்தால் மலை போய்விடும், குடிக்காவிட்டால் மனிதர்கள் போய்விடுவார்கள். இரண்டையும் விட எனக்கு மனசில்லை.

மறுநாளே மேட்டு வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமலே அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஆபரேஷனில் ஆரம்பித்து அரிசி மென்றதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையை விலக்கித் தழும்புகளைக் காட்டினேன். மாமியார் குனிந்து எண்ணிப் பார்த்தார்.

"வயித்த வெட்டுறதுக்கு ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

"வெட்டுனது அவரு வயித்தையா?"

மருமகள் முதன்முறையாகச் சிரித்தாள். சோறு இருக்கிறதா, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் தட்டிலேயே நான்கு வாய் சாப்பிட்டேன், என் வயிறு பிடிப்பது அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு எலுமிச்சைத் தண்ணீரில் என் மாத்திரையை விழுங்கினேன்.

"உங்களுக்கும் கறுப்பாத்தான் போகுதுங்களா?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"தார் மாதிரி போகுது கண்ணு. குமட்டவும் குமட்டுது."

"அப்புறம் எதுக்குங்க முழுங்கறீங்க?"

"மலை ஏறணுமே."

அவள் அன்றைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். போடவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் போட்டாள், அதுவும் மாமியார் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால். மூடியிருந்த கதவுகளைத் திறக்க வைத்ததும் அந்த மாமியார்தான். என் வயிற்றுக் கதையை என்னைவிட ரொம்ப நன்றாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

எனக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. சேலத்தில் இரண்டு தடவை படுத்து, நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொண்டேன். மூன்று மாதம் முடிந்த அன்று ரிப்போர்ட்டை அதிகாரியின் மேஜையில் வைத்தேன். ஹீமோகுளோபின் பத்தரை. பார்த்துவிட்டு, "மறுபடி குறையுமே சிஸ்டர்?" என்றார்.

"குறையும் சார். சாகுறவரைக்கும் குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நானும் ஏத்திக்கிட்டேதான் இருப்பேன்."

மலையில் மயங்கி விழுந்தால் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே நின்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு வரி சேர்த்தேன்: அந்த மலையில் ரத்தம் குறைந்து மயங்கி விழும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தப் பொறுப்பை யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் தெரிவிக்கவும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். நான் தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.